பதினான்காம் கம்பம்

அத்தியாயம் ஆறு

"அண்ணி, இந்தச் சிவப்பு நீலக் கட்டங்களைப் பார்த்தா எனக்கு ஒரு கட்டம் போட்ட சட்டை எடுக்கணும்போல இருக்கு" என்றான் கொழுந்தன்.

அண்ணி சிரிக்கவில்லை. அவள் சிரித்து அவன் பார்த்ததும் இல்லை. அண்ணனைக் கட்டிக்கொண்டு வந்த அன்று எடுத்த படத்தில்கூட, மாப்பிள்ளையின் மேல் சந்தேகம் வந்தவள் போலத்தான் நின்றிருந்தாள். இன்ஷூரன்ஸ் கம்பெனியில், செத்ததாகச் சொல்லப்பட்டவர்கள் உண்மையிலேயே செத்தார்களா என்று பார்ப்பது அவள் வேலையாக இருந்தது. அங்கிருந்து வெளியே வந்து சொந்தமாகத் துப்பறிய ஆரம்பித்தாள். சோபா விற்கும் கடையில் வாடிக்கையாளரைக் கிண்டல் செய்து வேலையைத் தொலைத்திருந்த கொழுந்தனைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டாள். சம்பளம் கிடையாது, சாப்பாடு உண்டு. திட்டும் உண்டு.

இருவரும் உட்கார்ந்திருந்தது டிப்போவில் நின்ற காலிப் பேருந்து ஒன்றில். எதிர் இருக்கையில் திரும்பி உட்கார்ந்திருந்தார் அதன் ஓட்டுநர். அவர்தான் வழக்கைக் கொண்டுவந்த கட்சிக்காரர். ரத்த நோய்க்குப் பத்து வயது மகனைப் பறிகொடுத்தவர்.

"பிள்ளைங்க ரத்தத்தை மிஷின்ல போடுவாங்க மேடம். ஒரு பிள்ளைக்கு இருபதாயிரம் நம்பர் வருமாம். அந்த நம்பரை எல்லாம் ஒரு வெப்சைட்ல ஏத்துனா இப்படிப் படமா வரும்" என்று ஆஸ்பத்திரியில் கொடுத்த இணைப்பைத் தன் கைப்பேசியில் திறந்து காட்டினார். "குறுக்க போற வரிசை ஒவ்வொண்ணும் ஒரு ஜீன். நெடுக்க நிக்கிறது ஒவ்வொண்ணும் ஒரு பிள்ளை. இதைக் கம்பம்னு சொல்லுவாங்க. இதுல எல்லாக் கம்பத்துக்கும் அடியில நம்பர் இருக்கும், பையனா பொண்ணான்னு சின்னதா ஒரு படம் இருக்கும். இதோ, பதினாலு. என் பையன்."

பதினான்காம் கம்பம் மேலிருந்து கீழ்வரை நீலமாக நின்றது.

"சிவப்பா வந்த பிள்ளைங்களை மாடிக்குக் கூட்டிட்டுப் போய்ப் புது ஊசி போட்டாங்க. நீலமா வந்தவங்களுக்குக் கீழ் வார்டுல பழைய மாத்திரை. சரியாயிடும்னுதான் சொன்னாங்க. எல்லாருக்கும் அதைத்தானே சொல்லுவாங்க? இருக்கிறவனுக்கு ஊசி, இல்லாதவனுக்கு மாத்திரை. யாரோ பெரிய இடத்துப் பிள்ளைக்காக என் பையனைக் கீழ தள்ளிட்டாங்களா மேடம்? அதை மட்டும் சொல்லுங்க. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்."

பேசிக்கொண்டே இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினார். பக்கத்தில் நின்ற சிவப்புக் கம்பம் ஒன்று குறுக்கே வந்தது. அதைத் திரைக்கு வெளியே தள்ளிவிட்டு, நீலக் கம்பம் மட்டும் தெரியும்படி வைத்துக்கொண்டார். "ஒவ்வொரு டிரிப் முடிஞ்சதும் திறந்து பார்ப்பேன். அவன் உடம்புல மிச்சம் இருக்கிறது இது ஒண்ணுதானே."

யார் துக்கத்தைக் கேட்டாலும் கொழுந்தனுக்குக் கை சும்மா இருக்காது. கைப்பேசியை வாங்கிப் படத்துக்குக் கீழே இருந்த பொத்தான்களை நோண்டத் தொடங்கினான். இழுக்கிற பட்டை ஒன்று இருந்தது. வலப்பக்கம் இழுத்தால் பிள்ளைகள் எல்லோரும் நீலம், இடப்பக்கம் இழுத்தால் எல்லோரும் சிவப்பு.

"இழுத்த இழுப்புக்கு வருது அண்ணி. எங்க அண்ணன் மாதிரி."

அடுத்தது ஒரு சின்னப் பெட்டி. 'ஆண், பெண் மரபணுக்களை மறை' என்று எழுதி, அதில் டிக் போட்டிருந்தது. மறைத்து வைத்ததைத் திறந்து பார்ப்பது அவன் பிறவிக் குணம். டிக்கை எடுத்தான். படத்தின் உச்சியில் புதிதாகச் சில குறுக்கு வரிசைகள் முளைத்தன. அவற்றில் ஒன்று மட்டும் விநோதமாக இருந்தது. சில கம்பங்களில் ரத்தச் சிவப்பு, சிலவற்றில் அடர்நீலம், இடைப்பட்ட நிறம் எதுவும் இல்லை. பக்கத்தில் இருந்த கேள்விக்குறியைத் தொட்டதும் விளக்கம் வந்தது: 'இந்த மரபணு பெண்களிடம் மட்டுமே விழித்திருக்கும். எந்தப் படத்தையும் நம்பும் முன் இதைப் பாருங்கள். பெயர்ச்சீட்டு மாறியிருந்தால் இங்கேயே தெரிந்துவிடும்.'

சிறுமிகளின் கம்பங்களில் சிவப்பு. சிறுவர்களின் கம்பங்களில் நீலம். ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த வரிசை இரண்டே இடத்தில் தடுமாறியது. ஒன்பதாம் எண், சிறுமி, அங்கே நீலம். பதினான்காம் எண், சிறுவன், அங்கே சிவப்பு.

கொழுந்தன் வாயைத் திறந்தான். அண்ணி அவன் காலை மிதித்தாள். அவள் செருப்புக்குக் குதிகால் உண்டு.

"ஏதாவது தெரியுதா சார்?" என்றார் ஓட்டுநர்.

"சாருக்கு ஒரு எழவும் தெரியாது" என்று அண்ணி கைப்பேசியைப் பிடுங்கித் திருப்பிக் கொடுத்தாள். "நீங்க வண்டியை எடுங்க. நான் கூப்பிடறேன்."

இறங்கி நடந்ததும் அவன் கேட்டான். "அப்ப அந்த மனுஷன் தினமும் தடவிக் குடுக்கிறது…?"

"வேற யாரோ பிள்ளையை. வாயை மூடிட்டு நடங்க கொழுந்தனாரே."

ஆஸ்பத்திரியின் கீழ் வார்டில் யாருமே இல்லை. கட்டில்கள் வரிசையாகக் கிடந்தன. மெத்தைகளைச் சுருட்டித் தலைமாட்டில் வைத்திருந்தார்கள். சுவரில் பிள்ளைகள் ஒட்டிய காகிதப் பூக்களை ஒரு துப்புரவுக்காரப் பெண்மணி சுரண்டி எடுத்துக்கொண்டிருந்தார்.

"மாத்திரைப் பிள்ளைங்க எங்கம்மா?" என்றாள் அண்ணி.

"எல்லாம் காலி. ஒண்ணொண்ணாப் போயிடுச்சு. போன வருஷத்துச் செட்டும் இப்படித்தான், கட்டில் கட்டிலா காலியாச்சு" என்றார் அவர், சுரண்டுவதை நிறுத்தாமல்.

கொழுந்தன் கட்டில்களை எண்ண ஆரம்பித்துப் பாதியில் விட்டுவிட்டான்.

மாடி வார்டு நிறைந்திருந்தது. மொட்டைத் தலைகளும் கம்பளிக் கையுறைகளுமாகப் பிள்ளைகள். கையுறையோடு சாப்பிட்டார்கள், கையுறையோடு சண்டை போட்டார்கள்.

"இந்த ஊசி போட்டா அப்படித்தான். சில்லுனு எது பட்டாலும் விரல்ல முள்ளு குத்தற மாதிரி இருக்கும்" என்றார் நர்ஸ். "ஒன்பதாம் நம்பரா? அதோ, ஜன்னலோரம். மூணு ஊசி ஆச்சு. நாலாவது இன்னிக்கு. மத்ததுங்க எப்படியோ தாங்குது. இது மட்டும் ஒவ்வொரு ஊசிக்கும் துவண்டு போகுது, ஏன்னே புரியல."

ஆறு வயது இருக்கும். சட்டைக் கையை இழுத்து விரல்களை மூடிக்கொண்டு, அதற்குள்ளிருந்தே ஒரு பென்சிலைப் பிடித்து வரைந்துகொண்டிருந்தது. அண்ணி கட்டிலில் உட்கார்ந்தாள். பிள்ளைகளிடம் பேசுவதற்கென்று அவளிடம் தனிக் குரல் கிடையாது.

"உன் கையுறை எங்க?"

"நனைஞ்சிடுச்சு. அப்பா காய வைக்க எடுத்துட்டுப் போயிருக்காரு. பச்சைக் கலர். கட்டைவிரல்ல மட்டும் மஞ்சள் நூல், அம்மா தச்சது."

"அப்பா என்ன வேலை பார்க்கிறாரு?"

சிறுமி யோசித்தது. "சொல்லக்கூடாதுன்னு சொல்லியிருக்காரு."

"நல்ல அப்பா" என்று எழுந்தாள் அண்ணி.

அடுத்து அவள் பெரிய டாக்டரின் அறைக்குள் போனாள். கொழுந்தன் பின்னால் வந்தபோது கதவு அவன் மூக்கில் சாத்தப்பட்டது. நடையில் இருந்த மிஷினில் ஒரு காபி எடுத்துக் குடித்தான், கசந்தது. செத்த பிள்ளைகளுக்கும் மிஷினுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட ஆஸ்பத்திரியில் காபி வேறு எப்படி இருக்கும் என்று அதை மன்னித்தான். கதவு திறந்தது. அண்ணியின் முகத்தில் ஒன்றும் இல்லை.

"என்ன சொன்னாரு?"

"உங்களுக்கு இப்ப வேண்டாம். உங்க மூஞ்சி கண்ணாடி. உள்ள இருக்கிறது எதிராளிக்குத் தெரிஞ்சிடும்."

படம் போடுகிறவரின் அறை கட்டடத்தின் பின்கோடியில் இருந்தது. கம்ப்யூட்டர்கள் சூடாகாமல் இருக்க அறையைக் குளிரவைத்திருந்தார்கள். ஆஸ்பத்திரியில் அவருக்கு ஜோசியர் என்று பெயர். கட்டம் போட்டு அடுத்தவர் விதியைச் சொல்பவரை வேறு எப்படிக் கூப்பிடுவது? மெலிந்த மனிதர். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

"எனக்கு நம்பர் மட்டும்தான் மேடம் தெரியும்" என்றார், அண்ணி கேட்பதற்கு முன்பே. "பேர் தெரியாது, முகம் தெரியாது. எந்தக் கலர் நல்லது, எது கெட்டதுன்னுகூட எனக்குச் சொல்லமாட்டாங்க. சொன்னா பட்டையை இழுக்கிற கை ஒரு பக்கமா சாயும்னு இங்க ஒரு விதி. கண்ணைக் கட்டிட்டு வேலை பார்க்கிறேன்."

"கண்ணாமூச்சி ஆடறதுக்குச் சம்பளம் வேறயா?" என்றான் கொழுந்தன். குளிரில் கையைத் தேய்த்தபடி மேசையைச் சுற்றி வந்தவன், பெரிய கம்ப்யூட்டரின் முதுகில் சூடான காற்று வரும் இடத்தில் எதையோ பார்த்தான். "என்ன சார், கம்ப்யூட்டருக்குக் குளிருதா? கையுறை மாட்டி விட்டிருக்கீங்க?"

சொன்ன பிறகுதான் அவனுக்கே உறைத்தது. பச்சைக் கையுறை. கட்டைவிரலில் மஞ்சள் நூல்.

அண்ணி அதை எடுத்து, காய்ந்துவிட்டதா என்று கன்னத்தில் வைத்துப் பார்த்தாள்.

"இன்னும் ஈரம் இருக்கு. இருக்கட்டும், நாம பேசி முடிக்கறதுக்குள்ள காஞ்சிடும். நீங்க போட்ட படம் எல்லாத்தையும் டாக்டர் ரூம்ல பார்த்தேன் சார். ஒவ்வொண்ணுலயும் ஆண் பெண் வரிசை உச்சியில இருக்கு. ஒழுங்கான ஆள்னு தெரியுது. இந்த ஒரு படத்துல மட்டும் மறைச்சிருக்கீங்க. ரத்தம் எடுத்த குப்பியை யாரோ கை தவறி மாத்தியிருந்தா, அதை முதல்ல கண்டுபிடிச்சுக் கத்தியிருக்க வேண்டியவர் நீங்க. கத்தலை. டிக் போட்டு மூடிட்டீங்க. மகள் கையில கட்டின பட்டையில ஒன்பதுன்னு இருந்தா, எந்த விதி அப்பன் கண்ணைக் கட்டும்?"

ஜோசியர் கதவைப் பார்த்தார். அங்கே கொழுந்தன் சாய்ந்து நின்றான்.

"அவ அம்மாதான் கூட இருக்கா. நான் இங்க வேலை பார்க்கிறது வார்டுல யாருக்கும் தெரியாது" என்றார். "அவ கம்பம் நீலமா வந்துச்சு மேடம். கீழ் வார்டைப் பார்த்தீங்கல்ல? போன வருஷமும் நான் அந்த வழியாத்தான் தினம் வருவேன். நீலப் பிள்ளைங்க கட்டில் வாராவாரம் காலியாகும். மெத்தையைச் சுருட்டி வைப்பாங்க. சிவப்புப் பிள்ளைங்க மட்டும் மாடியில உசிரோட இருப்பாங்க. கலருக்கு அர்த்தம் யாரும் எனக்குச் சொல்ல வேண்டாம். கட்டிலே சொல்லிச்சு."

"மாத்தினீங்க."

"ரெண்டே ரெண்டு நம்பர். தலைப்பை மாத்தி சைட்ல ஏத்தினேன். அதுக்கு மேல ஒண்ணும் பண்ணல."

"ஏன் பதினாலு?"

அவர் தலை குனிந்தார். "பட்டியல்ல ஒரே மாதிரி இருக்கிற பிள்ளைங்களை சைட்டே பக்கத்துல பக்கத்துல நிறுத்தும். என் பொண்ணு கடைசி நீலம். அதுக்கு அடுத்தது முதல் சிவப்பு. கைக்கு எட்டினது அதுதான். பையனா பொண்ணான்னுகூடப் பார்க்கல. பார்த்திருந்தா வேற பொண்ணா எடுத்திருப்பேன்."

கைக்கு எட்டிய பிள்ளை! கொழுந்தனுக்கு அந்த ஆளை அறைய வேண்டும் போல இருந்தது.

"அந்தப் பையன் செத்துட்டான்" என்றாள் அண்ணி.

"தெரியும்." ஜோசியர் நிமிர்ந்தார். கண் கலங்கியிருந்தது, ஆனால் அதில் ஒரு பிடிவாதம் இருந்தது. "ஜெயிலுக்கு அனுப்புங்க. போறேன். என் பொண்ணு மாடியில இருக்கா. இன்னிக்கு நாலாவது ஊசி. பாதி தாண்டியாச்சு. உங்களுக்குப் பிள்ளை இருந்தா புரியும் மேடம். எந்த அப்பனும் செய்யறதைத்தான் செஞ்சேன்."

"பாதிக் கிணறு தாண்டியிருக்கீங்க" என்றாள் அண்ணி. நாற்காலியை இழுத்துப் போட்டு அவருக்கு எதிரே உட்கார்ந்தாள். அவசரமே இல்லாத அந்த உட்காரும் விதத்தைக் கொழுந்தன் அறிவான். எத்தனையோ பேரை அவள் அப்படி உட்கார்ந்துதான் அழித்திருக்கிறாள்.

"கீழ் வார்டுக் கட்டில் ஏன் காலின்னு பெரிய டாக்டரைக் கேட்டேன் சார். நீங்க இத்தனை வருஷத்துல ஒரு தடவைகூடக் கேட்காத கேள்வி. எல்லாப் பிள்ளைங்களும் வீட்டுக்குப் போயிட்டாங்களாம்."

"என்ன?"

"குணமாகி வீட்டுக்குப் போயிட்டாங்க. நடந்து, குதிச்சுக்கிட்டு. நீலம்னா லேசான நோய். பழைய மாத்திரையே போதும். சிவப்புன்னா வேற வழியே இல்லாத கேஸ். அதனாலதான் அந்த நாசமாப் போற ஊசி. அதுல பாதிப் பேர் பிழைச்சா அதிகம். மாடியில கட்டில் காலியாகாம இருக்கே, அது உசிரோட இருக்கிறதால இல்ல. ஒருத்தரும் வீட்டுக்குப் போற நிலைமையில இல்லாததால. நீலத்துல செத்தது ஒரே ஒரு பிள்ளை. பதினாலு. அது எப்படிச் செத்துச்சுன்னு டாக்டர்ங்க தலையைப் பிச்சுக்கிட்டிருந்தாங்க."

ஜோசியர் சட்டென்று எழுந்து கதவுக்கு ஓடினார். கொழுந்தன் அவரைப் பிடித்தான். பிடிப்பதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை, எலும்புதான்.

"விடுங்க, ஊசி போட்டுடுவாங்க! விடுங்கய்யா!"

"ஊசியை நான் வர்றதுக்கு முன்னாடியே நிறுத்தச் சொல்லியாச்சு" என்றாள் அண்ணி. "உட்காருங்க."

கொழுந்தன் அவளைத் திரும்பிப் பார்த்தான். நிறுத்திவிட்டுத்தான் வந்திருக்கிறாள். அந்த ஒரு வார்த்தையை முதலிலேயே சொல்லாமல், இந்த ஆள் பெருமையாக நிமிரும் வரை காத்திருந்திருக்கிறாள். வீட்டில் தினமும் இவள் கையால்தான் சாப்பிடுகிறோம் என்று நினைத்துக்கொண்டான்.

"இப்ப மாத்திரை குடுத்தா பிழைச்சிடுவாளா? மேடம், பிழைச்சிடுவாளா?"

"அதை நீங்கதான் சொல்லணும். இத்தனை நாள் மாத்திரை இல்லாம இருந்ததுல நோய் முத்தியிருக்கலாமாம். இன்னும் நீலமா இருந்தா நேரம் இருக்குன்னாரு டாக்டர். நேத்து எடுத்த ரத்தத்தோட நம்பர் வந்து கிடக்கு. படம் போட இந்த ஆஸ்பத்திரியில உங்களை விட்டா ஆள் ஏது? போடுங்க."

"என்னால முடியாது."

"கண்ணைக் கட்டியிருந்தப்ப முடிஞ்சுதே. போடுங்க ஜோசியரே."

அவர் உட்கார்ந்தார். விரல்கள் பழக்கத்தில் தாமாகவே வேலை செய்தன. ஒன்பதாம் எண் ஏறியது. 'உங்கள் படம் தயாராகிறது' என்று திரையில் ஒரு சக்கரம் சுழன்றது. தன் வாழ்நாளில் முதல் தடவையாக, நிறத்துக்கு என்ன அர்த்தம் என்று தெரிந்துகொண்டு ஒரு படத்துக்காகக் காத்திருந்தார் அந்த மனிதர்.

கம்பம் எழுந்தது. அடியிலிருந்து உச்சி வரை சிவப்பு.

ஜோசியரின் கை மெதுவாகப் போய் இழுக்கிற பட்டையைப் பிடித்தது. வலப்பக்கம் இழுத்தார். சிவப்பு வெளுத்தது. இன்னும் இழுத்தார். ஒன்பது நீலமானது. கூடவே மாடியில் இருந்த அத்தனை பிள்ளைகளும் நீலமானார்கள். கை நழுவியதும் எல்லோரும் மறுபடி சிவந்தார்கள். திரும்பவும் இழுத்தார்.

"இழுங்க" என்றாள் அண்ணி. "குழந்தைக்குத் தெரியவா போகுது?"

"போதும் அண்ணி" என்றான் கொழுந்தன். அவளிடம் அவன் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

அப்போது அவன் கைப்பேசி அடித்தது. ஓட்டுநர். பின்னணியில் பஸ் ஸ்டாண்டு இரைச்சல். "சார், டிரிப் முடிச்சிட்டேன். ஏதாவது தெரிஞ்சுதா?"

அண்ணி கையை நீட்டிக் கைப்பேசியை வாங்கி ஸ்பீக்கரில் போட்டாள். ஜோசியர் கேட்க வேண்டும் என்பதற்காகத்தான் போட்டாள்.

"பெரிய இடம் எதுவும் இல்லைங்க. உங்களை மாதிரி இன்னொரு அப்பன், அவ்வளவுதான். மீதியை நேர்ல சொல்றேன். இப்ப அந்தப் படத்தைத் திறங்க. பதினாலுக்குப் பக்கத்துல என்ன கம்பம் இருக்கு?"

"ஒன்பது மேடம். சிவப்பு."

"அதுதான் உங்க பையன். பதினாலு வேற பிள்ளை. நம்பரை மாத்திட்டாங்க."

அந்தப் பக்கம் ஏதோ வண்டி ஹாரன் அடித்தது. யாரோ பயணி, வண்டி எப்ப கிளம்பும் என்று கேட்டார்.

"பக்கத்துலயேவா இருந்தான்?" என்றார் ஓட்டுநர் கடைசியில். "தினமும் பெரிசாக்கிப் பார்க்கும்போது அந்தச் சிவப்பு குறுக்க குறுக்க வரும் மேடம். நான்தான் வெளிய தள்ளித் தள்ளி விடுவேன்."